பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறீர்களா? முதலில் அங்கீகாரத்தைப் பாருங்கள்

(முதுநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கும், பணியில் இருந்துகொண்டே ஆய்வு செய்ய விரும்புவோருக்கும் கல்லூரி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேராசிரியர் இல்லை. பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன். ஆய்வு மாணவர்களின் பதிவுக் கோப்பு, கட்டண ரசீது, ஆய்வேடு வந்து சேர்ந்த தேதி, வாய்மொழித் தேர்வு அறிவிப்பு, இதுதான் என் உலகம். அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்த சில விஷயங்களைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப்போகிறேன்.

ஒருநாள் மத்தியானம் ஒரு அம்மா வந்தாங்க. தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். கையில் பைண்டு செய்த ஆய்வேடு, பளபளவென்று ஒரு பட்டச் சான்றிதழ். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் உண்மைத்தன்மைச் சான்று கேட்டிருக்கிறார்கள். பட்டம் கொடுத்த வெளிமாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். "இந்தப் பதிவு எண்ணில் எங்களிடம் யாரும் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. அவங்க பணம் கட்டியதெல்லாம் பக்கத்து ஊரில் இருந்த ஒரு 'ஆய்வு மைய'த்தில். போய்ப் பார்த்தால் அங்கே இப்போ செல்போன் கடை. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து எழுதிய ஐந்து வருஷம்.

"நான் திருடலை சார், நிஜமாவே எழுதினேன்" என்றார்கள். அவங்க சொன்னது உண்மை. ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தேன், உழைப்பு தெரிந்தது. ஆனால் அந்த உழைப்புக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் உள்ள இடத்தில் அவங்க சேரவே இல்லை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்த நிலை உங்களில் ஒருவருக்கும் வரக்கூடாது. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

ஒரே சொல், நான்கு பொருள்

தமிழில் நமக்கு ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. எல்லாவற்றுக்கும் 'அங்கீகாரம்' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஏமாற்ற நினைப்பவர்களுக்கு இது ரொம்ப வசதி. "எங்களுக்கு அங்கீகாரம் இருக்கு" என்று யாராவது சொன்னால், "எந்த அங்கீகாரம்?" என்று கேளுங்க. நான்கு தனித்தனி விஷயங்கள் இதில் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, பட்டம் வழங்கும் அதிகாரம். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தில் 22-ஆவது பிரிவு இருக்கிறது. மத்திய அரசுச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ உருவான பல்கலைக்கழகம், அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்ட நிறுவனம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனம், இவை மட்டும்தான் பட்டம் கொடுக்கலாம். மீறினால் என்ன தண்டனை தெரியுமா? 24-ஆவது பிரிவின்படி 1,000 ரூபாய் வரை அபராதம். நீங்கள் இழப்பது பல லட்சமும் பல வருஷமும். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இரண்டாவது, இணைவு. நீங்கள் படிக்கும் கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றால், பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், பாடம் நடத்துவது கல்லூரி. பிஎச்.டி.யைப் பொறுத்தவரை கல்லூரி இணைவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறை, பல்கலைக்கழகத்தால் ஆய்வு மையமாக ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, தர மதிப்பீடு. இதைச் செய்வது 1994-இல் தொடங்கப்பட்டு, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தர மதிப்பீட்டு மற்றும் அங்கீகாரக் குழு. நாம் 'நாக்' என்று சொல்வோமே, அதுதான். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனியாக மதிப்பிடுவது தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ.

நான்காவது, தரவரிசை. மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வெளிவருகிறது. இது ஓர் ஒப்பீடு. பட்டம் செல்லுமா செல்லாதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வரிசையை மாற்றாதீர்கள். முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் கிடைத்த பிறகுதான் மற்ற மூன்றையும் பார்க்க வேண்டும். அதிகாரமே இல்லாத இடத்தில் மற்றதைப் பார்த்து என்ன பயன்?

நாக் கிரேடை எப்படிப் படிப்பது?

4 புள்ளிக்கு மதிப்பெண் போடுவார்கள். 3.51-க்கு மேல் என்றால் ஏ பிளஸ் பிளஸ். 3.26 முதல் 3.50 வரை ஏ பிளஸ். 3.01 முதல் 3.25 வரை ஏ. அதற்குக் கீழே பி பிளஸ் பிளஸ், பி பிளஸ், பி, சி என்று இறங்கும். 1.50-உம் அதற்குக் குறைவும் டி. டி வந்தால் தரச்சான்று இல்லை என்று பொருள்.

விளம்பரப் பலகையில் பெரிதாக 'ஏ' என்று போட்டிருப்பார்கள். இரண்டு விஷயம் கவனியுங்க. ஒன்று, காலாவதி தேதி. இந்தச் சான்று பொதுவாக 5 ஆண்டுக்குத்தான். தொடர்ந்து உயர்ந்த கிரேடு பெற்றவர்களுக்கு 7 ஆண்டு. பலகையில் இருப்பது பழைய சான்றாக இருக்கலாம். இரண்டு, அந்தக் கிரேடு யாருக்கு? பல்கலைக்கழகத்துக்கா, கல்லூரிக்கா, ஒரே பெயரில் அறக்கட்டளை நடத்தும் இன்னொரு கல்லூரிக்கா? நாக் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் கிரேடும் செல்லுபடியாகும் காலமும் தெரிந்துவிடும்.

நாக் கிரேடு நன்றாக இருந்தால் உங்கள் ஆய்வும் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. அது நிறுவனத்துக்கான மதிப்பெண். உங்கள் நெறியாளர் எப்படிப்பட்டவர் என்பதை அது சொல்லாது. அதைப் பிறகு பார்ப்போம்.

நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதும் கேள்விதான்

சேரப்போகும் இடத்தின் அங்கீகாரத்தைப் பற்றி மட்டுமே எல்லோரும் யோசிக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே படித்த இடத்தின் அங்கீகாரமும் விண்ணப்பத்தில் சோதிக்கப்படும். என் மேஜையில் அதிகம் நின்றுபோன கோப்புகள் இந்தக் காரணத்தால் நின்றவைதான்.

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ., எம்.காம். முடித்தவர்கள் பயப்பட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடி வகுப்பில் படித்த பட்டத்துக்கு இணையானது என்று யு.ஜி.சி. விதிமுறைகளே சொல்கின்றன. ஆனால் நீங்கள் சேர்ந்த அந்த ஆண்டில், அந்தப் பாடத்துக்கு, அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைக் கல்விக்கான அனுமதி இருந்ததா? யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஆண்டுவாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் ஆண்டுக்குரிய பக்கத்தைப் பதிவிறக்கி, சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்க.

இன்னொன்று, படிப்பின் வரிசை. பள்ளிப் படிப்பு, இளநிலை, முதுநிலை என்ற வரிசையில்தான் படித்திருக்க வேண்டும். இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலைத் திட்டத்தில் நேராக முதுநிலை படித்தவர்களின் பட்டத்தை ஏற்க முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழியில் எம்.ஏ. முடித்தவர்கள், பிஎச்.டி. கட்டணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்திடம் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, நம் மதிப்பெண் பட்டியலைச் சான்று மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பச் சொல்கின்றன. நம்முடைய 3 ஆண்டு இளநிலைப் பட்டத்தை அங்கே உள்ள 4 ஆண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கலாமா என்று முடிவு செய்யும்போது, அப்படிப்பட்ட சில நிறுவனங்கள் கல்லூரியின் நாக் கிரேடையும் பார்க்கின்றன. ஜெர்மனியில் 'அனாபின்' என்ற அரசுத் தரவுத்தளம் இருக்கு. உங்கள் பல்கலைக்கழகம் அதில் 'ஹெச் பிளஸ்' என்று இருந்தால் ஏற்கப்பட்டது என்று பொருள். இரண்டையும் நீங்களே வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் சேரப்போகும் இடத்தையும் அப்படியே சோதியுங்க. அமெரிக்காவில் மத்திய அரசு நேரடியாகக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று தருவதில்லை. தனி அமைப்புகள் தருகின்றன. அந்த அமைப்புகளை அந்நாட்டுக் கல்வித்துறையோ, உயர்கல்வி அங்கீகாரத்துக்கான மன்றமோ ஏற்றிருக்க வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்கள் தாங்களே ஒரு 'அங்கீகார அமைப்பை' உருவாக்கி, தங்களுக்குத் தாங்களே சான்று கொடுத்துக்கொள்வது பழைய தந்திரம். ஆகவே பல்கலைக்கழகத்தோடு சேர்த்து, சான்று கொடுத்தவரையும் சோதிக்க வேண்டும். திரும்பி வந்து இங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு இணைத்தகுதிச் சான்று தேவைப்படும். அதற்கென யு.ஜி.சி. 2025-இல் தனி விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது.

விதிமுறை என்ன சொல்கிறது?

இப்போது நடைமுறையில் இருப்பது 2022 நவம்பரில் வெளியான யு.ஜி.சி. பிஎச்.டி. விதிமுறைகள். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதுநிலையில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண் வேண்டும். 4 ஆண்டு இளநிலைப் பட்டம் படித்தவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் 75 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில் வராதவர்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு.

குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு. அதிகபட்சம் 6 ஆண்டு, அதற்கு மேல் 2 ஆண்டு வரை நீட்டிப்பு கேட்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டு உண்டு. பெண்களுக்கு ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. நிறைய பெண்கள் இது தெரியாமலே பாதியில் விட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பகுதிநேரமாகப் படிக்கலாம். வேலை பார்ப்பவர்கள் தங்கள் அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஆனால் ஒன்றை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்த அனுமதி கிடையாது. பகுதிநேரம் வேறு, ஆன்லைன் வேறு. வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் தரும் பிஎச்.டி. செல்லாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரிலேயே பொது அறிவிப்பு கொடுத்துவிட்டன. அதற்குப் பிறகும் அந்த விளம்பரம் நம் செல்போனுக்கு வந்துகொண்டுதான் இருக்கு.

சேர்க்கை நெட் தேர்வு வழியாகவோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வழியாகவோ நடக்கும். 2024 முதல் நெட் எழுதியவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர் ஒரு வகை. உதவிப் பேராசிரியர் பணிக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் தகுதி பெறுவோர் அடுத்தது. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோர் மூன்றாவது. பின்னிரண்டு வகையினருக்கு அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். தேதி தவறிவிட்டால் திரும்ப எழுத வேண்டும். உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். அது இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி ஆய்வு மாணவர்களுக்கான ஊக்கத்தொகை, முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை ஆகியவற்றைத் தருகிறது. அறிவிப்பு வரும் சமயத்தில் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் ஓடாமல், இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

நெறியாளரைப் பற்றி விசாரியுங்கள்

பெண் பார்க்கப் போகும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஐந்தாறு வருஷம் நம்மை வழிநடத்தப்போகும் நெறியாளரைப் பற்றி ஒருவரிடமும் விசாரிப்பதில்லை.

பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் ஒரே சமயத்தில் நெறியாளராக இருக்கலாம். ஓய்வு பெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக்கூடாது. அவரிடம் இடம் காலியாக இருக்கிறதா, பல்கலைக்கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட நெறியாளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

'சோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஏற்றப்படுகின்றன. அதில் நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்கள் எத்தனை பேர், எந்தத் தலைப்பு, எந்த ஆண்டு என்று தெரியும். ஒன்றிரண்டு ஆய்வேட்டை எடுத்துப் படியுங்கள். முடிந்தால் அவரிடம் படித்த ஒருவரிடம் பேசுங்கள். இதற்குச் செலவு ஒரு மாலைப்பொழுதுதான்.

எச்சரிக்கை மணி அடிக்கும் இடங்கள்

"நுழைவுத் தேர்வு கிடையாது, நேரடிச் சேர்க்கை." "ஒன்றரை வருஷத்தில் முடிச்சுடலாம்." "ஆய்வேடு நாங்களே எழுதித் தருவோம்." "பல்கலைக்கழகத்துக்கு நீங்க வரவே வேண்டாம்." "பணத்தை இந்தத் தனிநபர் கணக்கில் போடுங்க." இதில் ஒன்றைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் 'மையம்' நம் ஊரில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு மாநிலச் சட்டத்தால் உருவான தனியார் பல்கலைக்கழகம் இன்னொரு மாநிலத்தில் மையம் நடத்த யு.ஜி.சி. விதிகள் இடம் தருவதில்லை. 2002-இல் சத்தீஸ்கரில் ஒரு சட்டம் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் காகிதத்தில் முளைத்தன. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. ஒரு பல்கலைக்கழகம் சட்டப்படி உருவாகியிருந்தாலும் அதன் பிஎச்.டி. நடைமுறை தவறாக இருக்கலாம். விதிகளைப் பின்பற்றவில்லை என்று ராஜஸ்தானில் 3 தனியார் பல்கலைக்கழகங்கள் 5 ஆண்டுகளுக்குப் பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக்கூடாது என 2025 ஜனவரியில் யு.ஜி.சி. தடை விதித்தது. ஆகவே யு.ஜி.சி. இணையதளத்தில் பல்கலைக்கழகப் பட்டியல், போலிப் பல்கலைக்கழகப் பட்டியல், பொது அறிவிப்புகள் மூன்றையும் பாருங்க.

இன்னும் சந்தேகமா? 10 ரூபாயில் தீர்த்துக்கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 எதற்கு இருக்கிறது? "இந்தக் கல்லூரியின் இந்தத் துறை ஆய்வு மையமாக ஏற்கப்பட்டுள்ளதா, எந்தத் தேதி வரை, இவர் அங்கீகரிக்கப்பட்ட நெறியாளரா" என்று அரசுப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். தனியார் பல்கலைக்கழகம் என்றால் யு.ஜி.சி.க்குப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே போட்டுவிட்டால், விண்ணப்பிக்கும்போது கையில் எழுத்துமூலமான பதில் இருக்கும்.

ஏற்கெனவே தவறான இடத்தில் சேர்ந்துவிட்டவர்கள் இந்த அரங்கத்தில் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்ற விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். யு.ஜி.சி.க்கும் எழுதுங்கள். அந்தப் பட்டத்தை எந்த விண்ணப்பத்திலும் குறிப்பிடாதீர்கள். நீங்கள் ஏமாந்தவர் என்பது உண்மைதான். ஆனால் செல்லாது என்று தெரிந்த பிறகும் அதைப் பயன்படுத்தினால், பழி உங்கள் மேல் திரும்பிவிடும்.

அந்த அம்மாவைப் பற்றி முடிக்காமல் விட்டேனே. ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்தாங்க. இந்தத் தடவை ஆய்வேடு இல்லை, நுழைவுத் தேர்வு விண்ணப்பம். பகுதிநேரம். அலுவலகத் தடையின்மைச் சான்று, நெறியாளரின் சம்மதக் கடிதம், ஆய்வு மையத்தின் அங்கீகார ஆணையின் நகல், எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தது. நான் கேட்கும் முன்னாலேயே, "ஆணை எந்தத் தேதி வரைக்கும்னு பார்த்துட்டேன் சார்" என்றார்கள்.

வயது அப்போது நாற்பத்தொன்று. பழைய ஆய்வேட்டில் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை, தலைப்பையும் மாற்றிக்கொண்டார்கள். நான் பணியிலிருந்து ஓய்வு பெறும்போது கோர்ஸ்வொர்க் தேர்வு முடித்திருந்தாங்க.

நீங்கள் அந்த ஐந்து வருஷத்தைக் கொடுக்காமலே அந்தக் கேள்வியைக் கேட்கலாம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், நீங்கள் மனதில் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை யு.ஜி.சி. பட்டியலில் தேடிப் பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.